சுஹேரின் இடது குதிகால்

விளையாட்டுக் கழகங்களில் இயன்மருத்துவராக இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை செய்தேன். அதில் ஐந்து வாரங்கள், ஒரு சொல்லை நம்பி ஒரு மனிதரின் காலைப் பார்க்காமல் விட்டேன். கால் என் கண்முன்னால்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தொட்டேன், டேப் சுற்றினேன். பார்க்கத்தான் இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், எந்தக் காயத்துக்கு எந்தப் பயிற்சி கொடுத்தேன் என்று எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். வீரர் ஒருவர் சிகிச்சை மேசையில் படுத்தபடி “ஒன்றுமில்லை” என்று சொல்லும்போது என்ன செய்வது என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. அதை நானும் பிழை விட்டுத்தான் அறிந்தேன். ஆகவே அந்தப் பிழையை எழுதுகிறேன்.

மொன்ட்ரியாலில் அப்போது ஒரு சிறிய தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம் இருந்தது. இப்போது இல்லை, பெயர் தேவையும் இல்லை. விதிப்படி ஒரு கழகம் இரண்டு வெளிநாட்டு வீரர்களை வைத்திருக்கலாம். அதில் ஒருவர் சுஹேர். துனிசியர், வயது முப்பத்து நான்கு, உயரம் ஆறடி ஆறு அங்குலம். கடற்கரை நகரம் ஒன்றில் பஸ் சாரதி ஒருவரின் மகன். பதின்மூன்று வயதுவரை ஹேண்ட்போல் விளையாடியவர், ஒரே கோடை விடுமுறையில் கதவு நிலையில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். பள்ளி ஆசிரியர் அவர் கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டு கூடைப்பந்தைக் கொடுத்தார். பதினெட்டு வயதில் தலைநகரின் கழகம் ஒன்று எடுத்துக்கொண்டது. தேசிய அணிக்கு நான்கு முறை அழைத்தார்கள். இரண்டு முறைதான் களத்தில் இறக்கினார்கள். பிறகு லெபனானில் ஒரு பருவம், வளைகுடாவில் இரண்டு, திரும்பவும் துனிஸ், கடைசியில் இங்கே.

“நான் நட்சத்திரம் இல்லை, டொக்டர். நான் தளபாடம்,” என்பார். “எந்த வீட்டுக்கும் நாலு கதிரை வேணும்தானே.”

நான் டொக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். “எங்கட ஊரில கால் பிடிக்கிற எல்லாரும் டொக்டர்தான்,” என்று முடித்துவிடுவார். நாங்கள் பேசியது பிரெஞ்சில். எனக்கு அது எங்கள் யாழ்ப்பாணப் பேச்சிலேயே நினைவில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய வேலை அனுமதி கழகத்தோடு கட்டப்பட்டிருந்தது. மனைவியின் அனுமதி அவருடையதோடு கட்டப்பட்டிருந்தது. மூன்று வயது மகள் கார்தரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் பிரெஞ்சுப் பாட்டுகள் படித்து வந்து இருவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். மொன்ட்ரியால்-நோரில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். அந்தப் பகுதி வீடுகளுக்கு உள்ளதுபோலவே வெளியே இரும்புப் படி. இந்தப் படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்திலேயே அவரிடமிருந்து ஒரு சொல் கற்றேன்: லாபேஸ். துனிசியர்கள் சந்தித்தால் “லாபேஸ்?” என்று கேட்பார்கள். “லாபேஸ்” என்று பதில் வரும். கேள்வியும் பதிலும் ஒரே சொல். தீங்கில்லை, நலம்தான் என்று பொருள். கற்றது எனக்குப் பெருமையாக இருந்தது. வெளிநாட்டு வீரரின் மொழியில் நலம் விசாரிக்கும் ஒரே ஆள் கழகத்தில் நான்தான். ஒவ்வொரு காலையும் அவர் மேசையில் ஏறும்போது “லாபேஸ்?” என்பேன். “லாபேஸ், டொக்டர், லாபேஸ்,” என்பார். இருவரும் சிரிப்போம். நான் பதிவேட்டில் ‘முறைப்பாடு இல்லை’ என்று எழுதுவேன்.

கழகத்தின் சப்பாத்து, உடுப்பு, பந்து எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்தவர் மரியதாஸ் அண்ணை. மன்னார்க்காரர். ஞாயிறு பூசையைத் தவிர வேறு எதற்கும் பகிடியை நிறுத்தமாட்டார். அந்த வாய் அப்படி.

“என்ன பிள்ளை, விடிஞ்சால் ரெண்டு பேரும் லாபம், லாபம் எண்டுறியள்? ஆருக்கு லாபம்? எங்களுக்கும் சொன்னால் நாங்களும் காசு போடுவமே.”

ஏப்ரல் நடுவில் இறுதித் தொடருக்குத் தகுதி பெற்றோம். முதல் ஆட்டம் ஞாயிறு பிற்பகல். வெள்ளி நண்பகலுக்குள் வீரர் பட்டியலைக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு பெட்டிகள்: தகுதி, தகுதியில்லை. அடையாளமிட்டுக் கையெழுத்திடுவது நான். தகுதியில்லை என்று வந்த வெளிநாட்டு வீரரை விடுவித்துவிட்டு வேறொருவரைக் கொண்டுவரக் கழகத்துக்கு உரிமை உண்டு.

வியாழன் காலை, உடுப்புக் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்த மரியதாஸ் அண்ணை கதவடியில் நின்றார்.

“பிள்ளை, உந்தச் சுகேருக்கு ஐஸ் எண்டால் சரியான பயம் என்ன?”

சுஹேர் என்ற பெயர் அவர் வாயில் சுகேர்தான்.

“ஏன் அண்ணை?”

“காலமையில அவரை வானில ஏத்திக்கொண்டு வரப் போறன்தானே. அந்த இரும்புப் படியால நண்டு மாதிரிப் பக்கவாட்டில இறங்கிறார். ரெண்டு கையும் கம்பியில. என்ன தம்பி எண்டன். ஐஸ், ஐஸ் எண்டார்.”

“எப்ப?”

“இண்டைக்கும்தான்.”

நான் யன்னலால் பார்த்தேன். வாகனத் தரிப்பிடம் காய்ந்து கிடந்தது. மூலையில் குவித்து வைத்திருந்த கடைசிப் பனியும் கரைந்து இரண்டு வாரம். ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கோப்பியோடு போய்க்கொண்டிருந்தார்.

“அண்ணை, ஐஸ் எங்க இருக்கு?”

“அதுதானே நானும் யோசிச்சன். பேந்து நினைச்சன், சூட்டு நாட்டுக்காரன், மாரியில ஒருக்கா விழுந்திருப்பார், பயம் விடேல்லை எண்டு.”

“இதை ஏன் முதலே எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் அவரைப் பாத்து லாபம் எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு நிண்டியள்!”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மீது வருவதற்கு ஒரு நியாயமும் இல்லை என்பது கூடை மறையும் முன்பே விளங்கிவிட்டது.

அந்த நேரத்தில் செய்யக்கூடிய சுலபமான காரியம், பயிற்சியாளரிடம் போய்ச் சொல்வது. நான் அவருடைய அறை வாசல்வரை போனேன். அங்கே நின்றபோது ஒன்று தோன்றியது: நான் இன்னும் எதையும் பார்க்கவில்லை. ஒருவர் பார்த்ததைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். திரும்பிவிட்டேன். நீங்களும் அந்த வாசல்வரை போவீர்கள். போவதில் பிழையில்லை.

பயிற்சி முடிந்து சுஹேர் வந்தபோது பார்வையாளர் இருக்கைகளுக்கு ஏறும் படியடிக்குக் கூட்டிப் போனேன். மண்டபத்தில் வேறு யாரும் இல்லை. பன்னிரண்டு படிகள், சீமெந்து, ஈரமில்லை.

“ஏறிப்போட்டு இறங்கிக் காட்டுங்கோ.”

“ரெண்டு மணித்தியாலம் ஓடிப்போட்டு வாறன், டொக்டர். இப்ப படியோ? என்ன குற்றம் செய்தனான்?”

“பன்னிரண்டு படிதான்.”

சிரித்தபடி ஏறினார். மேலே நின்று ஒரு கணம் கீழே பார்த்தார். பிறகு இறங்கினார். முதல் படி நேராக. இரண்டாவது, மூன்றாவது நேராக. முகம் என்னைப் பார்த்தபடியே இருந்தது. தாடை மட்டும் இறுகியது. நாலாவது படியில் உடம்பு தானாகத் திரும்பியது. வலது கை கம்பிக்குப் போனது. இடது கால் பக்கவாட்டில் இறங்கியது.

அங்கேயே அமர்ந்துவிட்டார்.

“எவ்வளவு நாளாய்?” என்று கேட்டேன்.

“லாபேஸ், டொக்டர்.”

“லாபேஸ் வேண்டாம். நாள் சொல்லுங்கோ.”

சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து, திரும்பக் கட்டி, திரும்ப அவிழ்த்தார்.

“மார்ச் நடுவில இருந்து.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

“ஒவ்வொரு நாளும் கேட்டனான்!”

“நீங்கள் லாபேஸ் எண்டெல்லோ கேட்டியள்,” என்றார். குரலில் கோபமில்லை, எனக்கு ஏதோ எழுத்துப் பிழையைக் காட்டுவதுபோல் சொன்னார். “லாபேஸ் எண்டு கேட்டால் லாபேஸ் எண்டுதான் சொல்லுறது. வீடு பத்தி எரிஞ்சாலும் முதல் அதைச் சொல்லிப்போட்டுத்தான் தண்ணி கேப்பம். அந்தக் கேள்விக்குக் காலால பதில் சொல்லுறவன் விசரன்.”

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு இதை ஒரு துனிசியர் விளக்கவேண்டி வந்தது. இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் அம்மா எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் ‘நாங்கள் இங்கு சுகம், உன் சுகமறிய ஆவல்’ என்றுதான் தொடங்கின. கூரையில்லாத இடத்திலிருந்து எழுதியதும் அப்படித்தான் தொடங்கியது. அந்த முதல் வரியை நான் ஒருபோதும் செய்தியாக வாசித்ததில்லை. இரண்டாம் பந்தியிலிருந்துதான் வாசிப்பேன். சுஹேரிடம் ஐந்து வாரம் முதல் வரியோடு நின்றுவிட்டேன்.

சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலேயுள்ள தடித்த நாண், இடது பக்கம், வீங்கித் தடித்திருந்தது. இடது காலில் மட்டும் நின்று நுனிவிரலில் எழும்பச் சொன்னேன். இரண்டு தடவை எழும்பினார். பிறகு கை சுவரைத் தேடியது. ஸ்கானுக்குத் தொலைபேசியில் கேட்டேன். செவ்வாய்க்கிழமைதான் இடம் இருந்தது. வாரம் ஒருமுறை வரும் மருத்துவரை அழைத்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, படம் பார்க்காமல் தான் எதுவும் உறுதியாகச் சொல்லமுடியாது, காலைப் பார்த்தவர் நீங்கள் என்றார். ஆக, வெள்ளி நண்பகலுக்கு என் கையில் இருந்தவை பன்னிரண்டு படிகளும் இரண்டு எழும்பல்களும்.

“ஞாயிற்றுக்கிழமை விளையாடவிடுங்கோ. பேந்து கோடை முழுக்க நீங்கள் சொல்லுறதெல்லாம் செய்யிறன்.”

“அண்டைக்கு அறுந்தால்?”

“அறாமல் விட்டால்?”

அது முட்டாள்தனமான கேள்வி அல்ல. அறாமல் போகவும் வாய்ப்பிருந்தது. நீங்கள் எதிர்கொள்ளப்போகும் வீரர்கள் யாரும் ஆபத்து விளங்காமல் ஒளிப்பதில்லை. மற்றப் பக்கத்து ஆபத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஒளிக்கிறார்கள். அவர் அந்தப் பக்கத்தையும் எனக்குச் சொன்னார்:

“தகுதியில்லை எண்டு நீங்கள் போட்டால் சனிக்கிழமையே வேற ஆள் வந்திடுவான். என்ர பேப்பர் போகும். மனிசியின்ர பேப்பரும் போகும். பிள்ளை போன கிழமைதான் கார்தரியில ஒரு சிநேகிதி பிடிச்சவள். முப்பத்து நாலு வயதுக் கதிரையை இனி ஆர் வாங்குவினம்?”

ஒன்று மட்டும் சொன்னேன்: “நான் என்ன எழுதுறன் எண்டதை முதல் உங்களுக்குத்தான் காட்டுவன்.”

அன்று வீட்டுக்குப் போகும் மெத்ரோ ரயிலில் அந்தப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கு வருமுன் ஊரில் இரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழில் செய்தி எழுதினேன். ‘காயமடைந்தவர் நலமாக உள்ளார்’ என்று எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் மேசையிலிருந்து தாள் திரும்பி வரும். ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு கேள்விகள்: யார் சொன்னது? எப்படித் தெரியும்? அந்தக் கேள்விகளை எழுதியவரை நான் பலமுறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று அவை உதவின. இரண்டு பெட்டிகளும் தீர்ப்புகள். எனக்குத் தெரிந்தது தீர்ப்பு அல்ல, சில விவரங்கள். விவரங்களுக்குப் படிவத்தில் ஓரம் இருந்தது.

வெள்ளி காலை ‘தகுதியில்லை’ என்ற பெட்டியில் அடையாளமிட்டேன். பக்கத்தில் எழுதினேன்: ‘ஞாயிறு விளையாட முடியாது. இடது குதிகால் நாண் ஐந்து வாரமாக நோகிறது. படி நேராக இறங்க இயலவில்லை. ஸ்கான் செவ்வாய். இப்போது ஓய்வு கொடுத்தால் ஆகஸ்டில் விளையாடுவார் என்று எதிர்பார்க்கிறேன்.’

சுஹேரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

“ஆகஸ்ட் எண்டது உண்மையோ, எனக்காக எழுதினதோ?”

“உங்களுக்காக எழுதியிருந்தால் ஜூன் எண்டு எழுதியிருப்பன்.”

தாளைத் திருப்பித் தந்தார். “குடுங்கோ. ஆனால் நான் சம்மதிக்கேல்லை. அதையும் எழுதுங்கோ.”

எழுதினேன்: ‘வீரர் இதற்கு உடன்படவில்லை.’

முகாமையாளர் படிவத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இதில ரெண்டு பெட்டிதான் இருக்கு.”

“ஓரமும் இருக்கு.”

“ஆகஸ்ட் எனக்கு என்னத்துக்கு? எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேணும்.”

“ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆகஸ்ட் இருக்கு. உள்ளதைத்தான் எழுதலாம்.”

பயிற்சியாளர் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாதவர். கியூபெக்கின் வடக்கேயுள்ள ஒரு சிறு ஊர்க்காரர். தாளை வாங்கி ஓரத்தை மட்டும் வாசித்தார்.

“புதுசாய் வாறவன் எங்கட ஆட்டத்தைப் படிக்கிறதுக்குள்ள தொடர் முடிஞ்சிடும்,” என்றார். “இவர் களத்துக்கு வெளியில வாங்கில இருந்தாலும் ஆர் எங்க நிக்கவேணும் எண்டு கத்துவார். ஆகஸ்டிலயும் கத்துவார். விடுங்கோ, ஆள் இருக்கட்டும்.”

முகாமையாளர் என்னைப் பார்த்தார். “வெறும் அடையாளம் மட்டும் எண்டால் இப்ப நான் ஆளை விடுவிக்கிற கடிதத்தில கையெழுத்துப் போட்டிருப்பன், விஷயம் முடிஞ்சிருக்கும். இப்ப வாசிக்கவேண்டியதாய்ப் போச்சு.”

அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார்.

ஞாயிறு ஆறு புள்ளிகளால் தோற்றோம். தொடரும் அத்தோடு சரிந்தது. சுஹேர் விளையாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அவர் சூட் அணிந்து வாங்கின் முனையில் இருந்து, குரல் அடைக்கும்வரை கத்தினார். என் பக்கம் திரும்பவில்லை. செவ்வாய் மாலை ஸ்கான் அறிக்கையைத் தொலைபேசியில் அனுப்பினார். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நாணில் ஒரு பகுதி கிழிந்திருந்தது. மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் வந்து மேசையில் ஏறிப் படுத்து, முகட்டைப் பார்த்தபடி சொன்னார்:

“இண்டைக்கு லாபேஸ் எண்டு கேக்கமாட்டியளோ?”

“மாட்டன். காலமை கட்டிலால இறங்கின பிறகு முதல் பத்து அடி எப்படி?”

விரல் மடித்து எண்ணினார். “ஏழு நொந்தது. எட்டில விட்டது.”

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பதில் அது. அடுத்த நாள் ஆறு. ஜூன் கடைசியில் இரண்டு. சில வாரங்களில் திரும்ப நாலுக்கு ஏறியது, இருவரும் ஏசிக்கொண்டோம். ஆகஸ்ட் என்று எழுதியவள் நான். அவர் உண்மையில் களமிறங்கியது செப்டெம்பர் இரண்டாம் வாரம். அந்த ஆகஸ்ட் முழுவதும் முகாமையாளர் என் அறைக்கு வந்து நாட்காட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். என் கணிப்புப் பிழை என்பதையும் பதிவேட்டில் எழுதினேன். அது எழுதப்படாவிட்டால் மற்றதையும் யாரும் நம்பத் தேவையில்லை.

அதன்பின் அவர் இரண்டு பருவங்கள் விளையாடினார். இரண்டாவது பருவத்தின் நடுவில் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. மரியதாஸ் அண்ணை அன்று உடுப்பு அறையிலிருந்து கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது: “சுகேர், இண்டைக்குத்தானடா உண்மையான லாபம்!” சுஹேர், விளங்கியோ விளங்காமலோ, “லாபேஸ், லாபேஸ்” என்று திருப்பிக் கத்தினார்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். நலமா என்று கேட்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். அது மனிதருக்கு மனிதர் கொடுக்கும் மரியாதை; கேளுங்கள். ஆனால் அதன் பதிலைப் பதிவேட்டில் எழுதாதீர்கள். வலிக்குப் பத்தில் எத்தனை என்று கேட்டாலும் பலர் மரியாதைக்கு இரண்டு என்பார்கள். இந்த நகரத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழியில் நலம் என்று சொல்லப் பழகி வந்திருக்கிறார்கள். அநேகமாக அது பொய்யும் அல்ல. உடம்பு இன்று காலையில் என்ன செய்தது என்று கேளுங்கள். படி, கட்டில், பஸ்ஸில் ஏறிய கால். அதற்கு மரியாதையான பதில் என்று ஒன்று இல்லை.

இந்த வசந்தத்தில் சுஹேர் அழைத்தார். மொன்ட்ரியால்-நோரில் பள்ளிச் சிறுமிகளின் அணி ஒன்றைப் பயிற்றுகிறார். சனி முற்பகல் ஆட்டம், வரவேண்டும் என்றார். போனேன். தாடி நரைத்திருந்தது, குரல் அப்படியே. அவருடைய மகள்தான் அணியில் ஆக உயரமானவள். வாங்கின் முனையில் நின்று, யார் எங்கே நிற்கவேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் இருக்கைகளின் மேல் வரிசையில் இருந்த என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

“லாபேஸ், டொக்டர்?”

“லாபேஸ், லாபேஸ்,” என்றபடி கம்பியைப் பிடித்து எழுந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு படியடியில் வந்து நின்றார். பின்னால் பன்னிரண்டு சிறுமிகள் தண்ணீர்ப் போத்தல்களோடு வரிசையாக நின்றார்கள்.

“லாபேஸ் வேண்டாம். கம்பியை விட்டுட்டு இறங்கிக் காட்டுங்கோ.”

மூன்று வாரமாக என் வலது முழங்கால் நொந்துகொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கையைக் கம்பியிலிருந்து எடுத்தேன். முதல் படி நேராக இறங்கினேன். இரண்டாவதும் மூன்றாவதும் நேராக.

நாலாவது படியில் என் கை தானாகக் கம்பிக்குப் போனது. அவர் தன் மகளிடம் திரும்பி, பேனையும் தாளும் கேட்டார்.